மாதிரி நோயாளி

ஊர்ச் சுகாதார நிலையத்துக்குள் பள்ளி வேன்காரர் காலெடுத்து வைப்பதெல்லாம் அங்கே நர்ஸாக இருக்கும் மனைவிக்கு மதியச் சாப்பாடு கொடுக்கத்தான். மற்றபடி அவருக்கும் மருத்துவத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காய்ச்சல் வந்தால் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பார். கொஞ்ச நேரத்தில் காய்ச்சலுக்கே அலுத்துப்போய் அது எழுந்து போய்விடும். இப்படிப்பட்ட மனிதர் மாவட்டத்திலேயே மிகப் பெரிய நோயாளியாக ஆனதற்கு, பள்ளி விடுமுறையில் ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததுதான் காரணம்.

அன்று நிலையத்தில் பயிற்சி. இனி நோயாளிகளின் சரித்திரம் முழுவதும் கம்ப்யூட்டரில்தான் ஏற வேண்டும் என்று தலைமை அலுவலகம் முடிவு செய்திருந்தது. ‘காகிதமில்லா நிலையம்’ என்று அச்சடித்த காகிதம் ஒவ்வொரு சுவரிலும் ஒட்டப்பட்டிருந்தது, கழிப்பறைக் கதவு உட்பட. பயிற்சிக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று நோயாளிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் டை கட்டிய இளைஞர். பேசும்போது கையால் காற்றில் பட்டன்களை அழுத்திக்கொண்டே பேசுவார். “இப்ப ஒரு நோயாளியைப் பதிஞ்சு பாக்கலாம். யாராவது ஒரு நோயாளியைக் கூப்பிடுங்க” என்றார்.

எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளி என்று ஒரு ஜீவன்கூட இல்லை. அப்போதுதான் வேன்காரர் டப்பாவோடு எட்டிப் பார்த்தார்.

“இதோ, எங்க வீட்டுக்காரர் இருக்காரே!” என்றார் அவர் மனைவி. ஊரில் எல்லாருக்கும் அவர் நர்ஸம்மா, நிலையத்தில் சிஸ்டர். “ஸ்கூல் லீவு. சும்மாதான் இருக்கார். வாங்க, இப்படி உட்காருங்க.”

“எனக்கு ஒண்ணும் இல்லையேம்மா.”

“அதுதான் சார் எங்களுக்கு வேணும். காலியா இருக்கிற ஆளுன்னா எங்க வேணா பதியலாம்” என்று பயிற்சியாளர் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

முகத்தைப் படம் பிடித்தார்கள். கட்டைவிரல் ரேகை எடுத்தார்கள். அவசரத்துக்கு யாருடைய எண் என்று கம்ப்யூட்டர் கேட்டது. மனைவிதான் எதிரிலேயே நிற்கிறாளே என்று வேன்காரர் தன் தங்கையின் எண்ணைக் கொடுத்தார்.

ஆளுக்கொரு நோயைப் பதிந்து பழக வேண்டும். முதலில் எல்லாருக்கும் கூச்சம். லேப் அக்கா மட்டும் துணிந்து முன்வந்து அவருக்கு டைபாய்டு கொடுத்தார். பயிற்சியாளர் கைதட்டி, பரிசாக ஒரு பேனா கொடுத்தார். பேனாவைப் பார்த்ததும் மற்றவர்களின் கூச்சம் பறந்துவிட்டது. மருந்து கொடுக்கும் அண்ணன், பல வருஷமாகத் தன் முழங்காலில் குடியிருந்த மூட்டுவாதத்தைக் கிளப்பி வேன்காரர் முழங்காலுக்கு அனுப்பினார். துப்புரவு அக்கா தன் மாமியாரின் உபாதைகளை ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்ல, பக்கத்திலிருந்தவர் தட்டிக்கொண்டே போனார். சொல்லி முடித்தபோது அந்த அக்காவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. வாட்ச்மேன் யோசித்து யோசித்துப் பாம்புக்கடியைத் தேர்ந்தெடுத்தார்.

“எந்தப் பாம்புன்னு கேக்குதே?”

“நல்ல பாம்பாவே போடுங்கண்ணே” என்றார் லேப் அக்கா. “நம்ம சிஸ்டரோட வீட்டுக்காரர். தண்ணிப் பாம்பெல்லாம் போட்டா மரியாதையா இருக்காது.”

நர்ஸம்மாவின் முறை வந்தது. அவர் தயங்கித் தயங்கி ஜலதோஷம் என்று பதிந்தார்.

“அவ்வளவுதானா?” லேப் அக்கா விடவில்லை. “கட்டின புருஷனுக்கு ஒரு ஜலதோஷம் கொடுக்கத்தான் உங்களுக்கு மனசு வந்துதா? மூணாம் மனுஷி நானே டைபாய்டு கொடுத்திருக்கேன்!”

நர்ஸம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜலதோஷத்துக்குக் கீழே ‘கடுமையான குடல்வால் அழற்சி’ என்று சேர்த்தார். வேன்காரர் மனைவியைப் பெருமையோடு பார்த்தார். அது என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் மற்றவர்கள் கொடுத்ததைவிடப் பெயர் நீளமாக இருந்தது.

கடைசியாக யாரோ குறும்புக்கு அவருக்குக் கர்ப்பம் பதியப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது.

“பாத்தீங்களா? தப்பான தகவலை உள்ளேயே விடாது. அவ்வளவு அறிவு!” என்று பயிற்சியாளர் நெஞ்சை நிமிர்த்தினார்.

பழகுவதற்கென்று தனியாக ஒரு பக்கம் இருக்கத்தான் செய்தது. அதைத் திறக்கத் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு எழுதிய விண்ணப்பம் காகிதத்தில் இருந்ததால் நிராகரிக்கப்பட்டிருந்தது. ஆகவே பயிற்சி அசல் பக்கத்திலேயே நடந்தது. இதைப் பயிற்சியாளர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. வேன்காரர் காலி டப்பாவை வாங்கிக்கொண்டு விசிலடித்தபடி வீட்டுக்குப் போனார்.

அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் அவர் தங்கையின் போன் அலற ஆரம்பித்திருந்தது. ‘உங்கள் உறவினருக்கு டைபாய்டு. விரைவில் நலமடைய வாழ்த்துகள்.’ ‘உங்கள் உறவினரைப் பாம்பு கடித்துள்ளது. விரைவில் நலமடைய வாழ்த்துகள்.’ அடுத்த வாழ்த்துக்கு அந்தப் பெண் காத்திருக்கவில்லை. கட்டியிருந்த புடவையோடு பஸ் ஏறி, சாயங்காலம் வாசலில் வந்து விழுந்தாள்.

“அண்ணி! கல்யாணத்தப்ப எங்கண்ணனை எப்படி உங்ககிட்ட ஒப்படைச்சோம்! இப்படியா ஆக்கி வைப்பீங்க?”

“நான் என்ன ஆக்கினேன்?”

“பாம்பு கடிச்சதைக்கூட ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணி! எங்க எங்கண்ணன்?”

அவள் அண்ணன் வேனின் கூரைமேல் நின்று, தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணா! இறங்கு! குடலைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கு!”

நடந்ததை விளக்கிச் சொன்னார்கள். தங்கை நம்பவில்லை. கம்ப்யூட்டர் எதற்காகப் பொய் சொல்லப்போகிறது, அதற்கென்ன இந்தக் குடும்பத்தின்மேல் காழ்ப்பா என்று கேட்டாள். தன் கையாலேயே அண்ணனுக்குப் பத்தியச் சாப்பாடு போடப்போவதாகச் சொல்லி அடுக்களையைக் கைப்பற்றினாள். போனில் வந்த ஒவ்வொரு நோயும் ஒன்றை விலக்கச் சொல்லியிருந்தது. ஒன்று உப்பை, ஒன்று சர்க்கரையை, ஒன்று எண்ணெயை, இன்னொன்று பருப்பை. எல்லாவற்றையும் விலக்கிய பிறகு மிச்சம் நின்றது வெந்நீர். தங்கை ஊருக்குத் திரும்பியபோது வேன்காரருக்கு இடுப்பில் பேன்ட் நிற்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். விடுமுறை முடியும் தறுவாயில் பள்ளித் தாளாளர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். பள்ளி வேனின் சாவி அவர் மேசைமேல் இருந்தது. பக்கத்தில் தாளாளருடைய மச்சான் உட்கார்ந்திருந்தார். சாவியை மச்சான் பார்த்த பார்வை, பந்தியில் இலை போட்டதும் பார்க்கிற பார்வை.

“புது விதி வந்திருக்கு. டிரைவருங்க எல்லாரும் உடம்பு நல்லா இருக்குன்னு சுகாதார நிலையத்துல சர்டிபிகேட் வாங்கணும். கம்ப்யூட்டர் சர்டிபிகேட். கையில எழுதினது செல்லாது. ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள கொண்டு வந்துடுங்க.”

“அதுக்கென்னங்க, வீட்டுல அங்கதானே வேலை செய்யுது. டீ குடிக்கிற நேரத்துல வாங்கிடுவேன்.”

“வாங்கிட்டா சந்தோஷம்” என்றார் தாளாளர். “வாங்கலைன்னா மச்சான் இருக்கார். அவர் சர்டிபிகேட்டோடயே வந்திருக்கார்.”

மச்சான் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

வேன்காரருக்கு அந்த வேன் வெறும் சம்பளம் இல்லை. எந்தக் குழந்தை ஜன்னலோரம் உட்கார்ந்தால்தான் அழாது, எது எந்தத் திருப்பத்தில் தூங்கிவிடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சொந்தக் குழந்தை இல்லாத அவருக்கும் மனைவிக்கும் சாயங்காலப் பேச்சே அந்தக் குழந்தைகளைப் பற்றித்தான். மச்சானோ ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டுகிறவர்.

நேராக நிலையத்துக்குப் போனார். பயிற்சி முடிந்த பிறகு மாற்றலாகி வந்த புது டாக்டர், ஸ்க்ரீனைப் பார்த்தபடியே கை நீட்டி அவர் ரேகையை வாங்கிக்கொண்டார். ஸ்க்ரீன் நிரம்பியது. டாக்டர் கீழே உருட்டினார். உருட்டிக்கொண்டே இருந்தார். புருவம் மேலே ஏறிக்கொண்டே போனது.

“நீங்க... இங்க எப்படி வந்தீங்க?”

“நடந்துதான் டாக்டர்.”

“நடந்தா!” டாக்டர் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். “உட்காருங்க. பேசாதீங்க. மூச்சை மெதுவா விடுங்க.”

“நான் நல்லா இருக்கேன் டாக்டர்.”

“அப்படித்தான் இருக்கும். ரொம்ப முத்திப்போச்சுன்னா வலியே தெரியாது.”

வேன்காரருக்கு முதல் தடவையாக நெஞ்சில் சுருக்கென்றது. இத்தனை பேர் சேர்ந்து சொல்லும்போது ஒன்றிரண்டாவது உண்மையாக இருக்காதா என்று தோன்றியது. நல்லவேளையாக நர்ஸம்மா ஊசி டிரேயோடு ஓடி வந்து நடந்ததைச் சொன்னார். டாக்டர் நிம்மதியாகச் சிரித்தார். எல்லாவற்றையும் ஒரே தட்டில் அழித்துவிடுகிறேன் பாருங்கள் என்று அழிக்கும் பட்டனைத் தேடினார். மேலே தேடினார், கீழே தேடினார். பிறகு பயிற்சியாளருக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“அழிக்க முடியாது சார்” என்றது பயிற்சியாளரின் குரல். “பதிஞ்ச நோயை அழிக்கிற அதிகாரம் யாருக்கும் கிடையாது. மேலதிகாரிக்கே கிடையாது. அதுதான் நம்ம அமைப்போட பலமே.”

“பின்ன என்னதான் பண்றது?”

“குணப்படுத்தலாம் சார். ஒவ்வொண்ணா.”

“ஐயா, இவருக்கு நோயே இல்லைங்கறேன்!”

“அப்ப குணப்படுத்தறது ரொம்ப சுலபமாச்சே சார்!”

போன் வைக்கப்பட்டது. டாக்டர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். சுவரில் காகிதமில்லா நிலையம் என்று எழுதியிருந்தது.

அன்றிலிருந்து வேன்காரர் தினமும் குணமாக வந்தார். ஒவ்வொரு நோய்க்கும் கம்ப்யூட்டர் ஒரு பாதை வைத்திருந்தது. பரிசோதனை, மருந்து, மறுபரிசோதனை என்று ஒரு படி விட்டாலும் அடுத்த படி திறக்காது. மருந்து அண்ணன் ஒரு ஜன்னல் வழியாகப் பை நிறைய மாத்திரை கொடுப்பார். வேன்காரர் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய் இன்னொரு ஜன்னலில் அதே அண்ணனிடம் அதைத் திருப்பிக் கொடுப்பார்.

“சாப்பிட்டீங்களா?”

“இல்லண்ணே.”

“சாப்பிட்டீங்கன்னு போட்டுக்கறேன். முழங்கால் எப்படி இருக்கு?”

“உங்களுது எப்படிண்ணே இருக்கு?”

“அதை ஏன் கேக்கறீங்க. நேத்திலேருந்து மடக்கவே முடியலை” என்று மருந்து அண்ணன் பெருமூச்சு விட்டபடி, வேன்காரருக்கு மூட்டுவாதம் குணம் என்று பதிந்தார்.

பாம்புக்கடிதான் சிரமப்படுத்தியது. கடிபட்டவர் ஒரு நாள் முழுக்கக் கட்டிலில் இருந்தே ஆக வேண்டும். இடையில் எழுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இருந்த ஒரே கட்டிலில் நிஜமாகவே காய்ச்சலில் கிடந்த ஒரு விவசாயியை இறக்கி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, வேன்காரரைப் படுக்க வைத்தார்கள். வேன்காரருக்குக் கூசியது.

“அண்ணே, நீங்க வந்து படுங்க. நான் கீழே உட்காந்துக்கறேன்.”

“வேணாம் தம்பி” என்றார் விவசாயி, பல் கிட்டும் நடுக்கத்தோடு. “உங்களை நல்ல பாம்பு கடிச்சிருக்கு. எனக்கு வெறும் காய்ச்சல்தானே.”

குடல்வால் கடைசியாக வந்தது. அதற்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றது கம்ப்யூட்டர். வேன்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நர்ஸம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

“எல்லாம் என்னால வந்தது. ஜலதோஷத்தோட நிறுத்தியிருக்கலாம். நாலு பேர் முன்னாடி கௌரவம் பாத்து உங்க வயித்தைக் கிழிக்க வச்சுட்டேனே!”

“அழாதேம்மா. நீ கொடுத்ததுதானே. வாங்கிக்கறேன்.”

“இப்படிப் பேசித்தான் என்னைக் கட்டிக்கிட்டீங்க” என்று அவர் இன்னும் கொஞ்சம் அழுதார்.

டாக்டர் நல்ல மனிதர். கம்ப்யூட்டரின் மூலை முடுக்கெல்லாம் துழாவி, ‘நோயாளி அறுவைக்கு மறுத்துவிட்டார்’ என்ற வழியைக் கண்டுபிடித்தார். அதன் கீழே ‘பின்னர் என்ன ஆனார்?’ என்ற கேள்வி. பதிலாக மூன்றே மூன்று வரிகள். இறந்தார், பிழைத்தார், தகவல் இல்லை. டாக்டரின் விரல் வழுக்கி முதல் வரியில் நின்றது. ‘உறுதிதானா?’ என்று கேட்டது கம்ப்யூட்டர்.

“இல்ல! இல்ல! இல்ல!” என்று கத்தியபடி நர்ஸம்மா பாய்ந்து டாக்டரின் கையையே பிடித்து இழுத்துவிட்டார். வேன்காரர் பிழைத்தார். அறையில் இருந்த எல்லாருக்கும் வியர்த்திருந்தது.

இவர்களுக்குத் தெரியாமல் இன்னொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. ஒரு நோய் குணமானால் நிலையத்துக்குப் புள்ளிகள் உண்டு. மற்ற நிலையங்களில் நோயாளிகள் வந்தார்கள், மருந்து வாங்கினார்கள், குணமானதும் வேலையைப் பார்க்கப் போனார்கள். குணமான விஷயத்தை வந்து பதிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இந்த நிலையத்தில் மட்டும் நோய்கள் கொத்துக் கொத்தாகக் குணமாயின. தலைமை அலுவலகத்தின் பட்டியலில் இந்த ஊர் தடதடவென்று ஏறி உச்சியில் போய் உட்கார்ந்தது. பாராட்டு விழாவுக்கு மாவட்ட அதிகாரியே வருவதாகத் தகவல் வந்தது. நாளும் குறித்தார்கள். பள்ளி திறப்பதற்கு முதல் நாள்.

விழாவுக்கு நாற்காலிகள் தேவைப்பட்டதால் நோயாளிகளை எழுப்பி மரத்தடிக்கு அனுப்பினார்கள். முன்வரிசையில் ஊர்ப் பெரிய மனிதர்கள். அவர்களில் பள்ளித் தாளாளரும், பக்கத்திலேயே மச்சானும். மச்சானின் விரலில் வேன் சாவி சுழன்றுகொண்டிருந்தது. அதை எடுத்துவரும்படி யாரும் சொல்லவில்லை. பழக்கப்படுத்திக்கொள்ள எடுத்து வந்திருந்தார்.

மாவட்ட அதிகாரி மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

“ஒரு காலத்துல நம்ம டாக்டருங்க என்ன பண்ணாங்க? நோயாளி முகத்தைப் பாத்தாங்க. நாக்கை நீட்டச் சொன்னாங்க. எங்க வலிக்குதுன்னு கேட்டாங்க. எவ்வளவு நேரம் வீணாச்சு! இன்னிக்கு அந்த நிலைமை இல்ல. டாக்டர் நோயாளியைத் திரும்பிப் பாக்க வேண்டிய அவசியமே இல்லாம பண்ணிட்டோம்.”

கைதட்டல் எழுந்தது. டாக்டர் தரையைப் பார்த்தார்.

“சில பேர் குறை சொல்றாங்க. முன்னாடி வந்த உடனே மருந்து கிடைச்சுது, இப்ப அரை நாள் ஆகுதுன்னு. நான் அவங்களைக் கேக்கறேன். அரை நாள் நம்ம ஆஸ்பத்திரியில உட்காந்திருந்தா நல்லதுதானே? ஏதாவது ஆச்சுன்னா பக்கத்துலயே டாக்டர் இருக்காரே!”

மரத்தடியிலிருந்து ஒரு பாட்டி இருமிக்கொண்டே உள்ளே வந்தார். “ஐயா சாமி, காலையிலேருந்து நிக்கறேன். இந்த இருமலுக்கு ஏதாவது—”

“உங்க இருமல் பதிவாயிருக்காம்மா?”

“இருமிக்கிட்டேதானே இருக்கேன், கேக்கலியா?”

“எனக்குக் கேட்டு என்னம்மா பண்றது? கம்ப்யூட்டருக்குத் தெரியணும்ல. இவங்க எல்லாம் விழாவுல இருக்காங்க. முடியட்டும், அதுவரைக்கும் கொஞ்சம் அடக்கி இருமுங்க.” அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். “எங்க விட்டேன்? ஆங். சாதனை! ஒரே மனிதர். அவருக்கு இத்தனை நோய்களையும் கொடுத்ததும் இந்த நிலையம்தான், அத்தனையையும் குணப்படுத்தினதும் இந்த நிலையம்தான்! வேற எந்த நிலையமாவது இப்படிச் செய்ததுண்டா? எங்க அந்த மனிதர்?”

கடைசி நோய் முந்தின நாள் ராத்திரிதான் குணமாகியிருந்தது; சான்று கேட்க வந்து நின்ற வேன்காரரை மேடைக்கு இழுத்து வந்தார்கள். அதிகாரி அவரைக் கட்டிக்கொண்டார்; உயிரோடு இருக்கும் ஒரு புள்ளிவிவரத்தை அவர் தொட்டுப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. “கேளுங்க, என்ன வேணும் உங்களுக்கு?”

“உடம்பு நல்லா இருக்குன்னு ஒரு சர்டிபிகேட் போதுங்கய்யா. நாளைக்கு ஸ்கூல் திறக்குது. இல்லைன்னா வேனை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க.”

“இவ்வளவுதானா! இங்கயே, இப்பவே! டாக்டர், கம்ப்யூட்டரைக் கொண்டாங்க!”

மேடைக்கே கம்ப்யூட்டர் வந்தது. வேன்காரர் கட்டைவிரலை வைத்தார். டாக்டர் தட்டினார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். எழுத்துகள் வந்தன. ‘சான்று வழங்க இயலாது. இவர் நோயாளி அல்ல.’

மச்சானின் விரலில் சாவி நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகச் சுழன்றது.

“அப்படின்னா?” என்றார் வேன்காரர்.

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “உங்க நோய் எல்லாம் முடிஞ்சதும் உங்க பதிவு தானா மூடிக்கிச்சு. திறந்திருக்கிற பதிவு உள்ளவங்களுக்குத்தான் சர்டிபிகேட் வரும்.”

“நல்லா இருக்கேன்னுதானே டாக்டர் சர்டிபிகேட் கேக்கறேன்? நல்லா இருக்கிறதால கொடுக்க மாட்டேங்குதா?”

“விதி சரியாத்தான் இருக்கு” என்று அதிகாரி குறுக்கிட்டார். “நோயாளியே இல்லாத ஆளைப் பத்தி ஆஸ்பத்திரிக்கு என்ன தெரியும்? தெருவுல போறவங்களுக்கெல்லாம் ஆரோக்கியமா இருக்காங்கன்னு எழுதிக் கொடுக்க முடியுமா?” அவர் தாராள மனசுக்காரர். கையை அகல விரித்தார். “கவலைப்படாதீங்க. உங்களுக்காக நான் ஒரு விசேஷ அனுமதி தர்றேன். ஏதாவது ஒரு நோயை எடுத்துக்கங்க. உங்களுக்குப் பிடிச்சதா பாத்து எடுங்க.”

அப்புறம் அந்த மேடை துணிக்கடையாகிவிட்டது. நர்ஸம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். லேப் அக்காவும் மருந்து அண்ணனும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து யோசனை சொன்னார்கள்.

“ரத்தக்கொதிப்பு எடுத்துக்கங்க சிஸ்டர். எல்லார் வீட்டுலயும் இருக்கு. உறுத்தலா தெரியாது.”

“ஐயோ, டிரைவருக்கு அது ஒத்து வராது. தலை சுத்தும்னு சர்டிபிகேட்டே வராது.”

“அப்ப சொறி?”

“குழந்தைங்க ஏறுற வேன். ஒட்டிக்கும்னு ஸ்கூல்ல விட மாட்டாங்க.”

“ஜலதோஷத்தையே திரும்பக் கொடுத்துடேன்மா. பழகினதா போச்சு” என்றார் வேன்காரர்.

“அது தானா சரியாயிடுங்க. அடுத்த வாரமே பதிவு மூடிக்கும். ஓட்டுறதைத் தடுக்கவும் கூடாது, பரவவும் கூடாது, போகவும் கூடாது. அப்படி ஒண்ணு வேணும்.”

“மறதி எடுக்கச் சொல்லுங்க!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“எடுத்து, குழந்தைங்களை எங்க இறக்கி விடறது?”

தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மச்சான் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். இத்தனை நாள் குணமானதெல்லாம் வீணா? உருப்படியாக ஒரு நோய்க்குக்கூட வக்கில்லாதவனாகப் போய்விட்டோமே என்று வேன்காரர் நினைத்தார்.

அப்போது நர்ஸம்மாவின் கை நின்றது. ஸ்க்ரீனைப் பார்த்தார். திரும்பிக் கணவனைப் பார்த்தார். மறுபடி ஸ்க்ரீனைப் பார்த்தார். கல்யாணமான புதிதில் சிரித்த மாதிரி ஒரு சிரிப்பு அவர் உதட்டோரத்தில் வந்தது.

“என்னங்க. பொடுகு எப்படி?”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதுவரை அவசியம் வராததால் சொல்லவில்லை. வேன்காரருக்குத் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. கண்ணாடி மாதிரி இருக்கும். வெயிலில் நின்றால் எதிரே வருகிறவர்கள் கண்ணைச் சுருக்குவார்கள்.

கூட்டத்தில் முதலில் யாரோ செருமினார்கள். பிறகு அடக்க முடியாமல் எல்லாரும் சிரித்தார்கள். இருமல் பாட்டி இருமலை மறந்து சிரித்தார். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் வேன்காரரின் தலையைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

“இவருக்கு எப்படிப் பொடுகு? முடியே இல்லையே?”

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாற்றலாகி வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் இத்தனை வெளிச்சம் யாரும் பார்த்ததில்லை. “சார், நோயாளியோட தலையைப் பாக்கறதெல்லாம் பழைய முறை சார். நீங்க இப்பதானே சொன்னீங்க. முடி இருக்கான்னு கம்ப்யூட்டர் எங்கயும் கேக்கலை.”

அதிகாரி கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். கேட்கவில்லைதான். “கேக்கலைன்னா சரி” என்றார், மனநிறைவோடு.

நர்ஸம்மா தட்டினார். பதிவு திறந்தது. டாக்டர் தட்டினார். மூலையிலிருந்த பிரின்டர் உறுமி, காகிதமில்லா நிலையத்தின் முத்திரையோடு கெட்டிக் காகிதத்தில் சான்றை வெளியே தள்ளியது. ‘இவருக்கு உள்ள நோய்: பொடுகு. மற்றபடி வாகனம் ஓட்ட முழுத் தகுதி உடையவர்.’ தாளாளர் அதை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்து, தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, மச்சான் பக்கம் கையை நீட்டினார். மச்சான் சாவியைக் கொடுத்தார். விரலிலிருந்து கழற்றத்தான் கொஞ்சம் நேரமானது.

மறுநாள் காலை வேன் தன் வழக்கமான திருப்பங்களில் எல்லாம் மெதுவாகத் திரும்பிப் போனது. தூங்க வேண்டிய குழந்தை தூங்கியது.

பொடுகுக்கும் ஒரு பாதை உண்டு. மாதம் ஒரு தடவை நிலையத்துக்கு வந்து காட்ட வேண்டும். தவறினால் பதிவு மூடிவிடும், சான்றும் செல்லாமல் போய்விடும். ஆகவே ஒவ்வொரு மாதமும் காலை வண்டி ஓட்டி முடித்ததும், வேன்காரர் வரிசையில் நின்று நர்ஸம்மாவின் அறைக்குள் போய் ஸ்டூலில் உட்காருவார். தலை முழுவதையும், காதோரம் பிடரி உட்பட, விரல்களால் நிதானமாகத் தடவிப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதிமுறை. நர்ஸம்மா விதிகளை மீறுகிறவர் அல்ல. கதவைச் சாத்திவிட்டு, ஒரு இடத்தையும் விடாமல் பரிசோதிப்பார். வேன்காரர் கண்ணை மூடிக்கொள்வார்.

“எப்படிம்மா இருக்கு? ஏதாவது குறைஞ்சிருக்கா?”

“ஆடாதீங்க. இன்னும் இந்தப் பக்கம் பாக்கலை.”

வெளியே வரிசை நீண்டுகொண்டே போகும். லேப் அக்கா கதவைத் தட்டி, “சிஸ்டர், இன்னுமா பொடுகு பாக்கறீங்க?” என்று கேட்பார். நர்ஸம்மா அவசரமில்லாமல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, ஒரு கை கணவனின் தலையிலேயே இருக்க, இன்னொரு கையால் தட்டுவார்:

‘முன்னேற்றம் எதுவும் இல்லை. நோயாளி நன்றாக ஒத்துழைக்கிறார். அடுத்த மாதமும் அவசியம் வர வேண்டும்.’